எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?



இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால், அதற்கு ஓர் எண்தான் விடையாக இருக்க முடியும் என்று நாம் எண்ணுகிறோம். அந்தத் தூரத்தை ஆகாய விமானம் எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்று கேட்டால், தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதும் என்கிறோம். பள்ளிக்கூடத்துக் கணக்குப் புத்தகம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் புகைவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் பொருந்தும் அந்தக் கணக்கு, உருண்டையான இந்தப் பூமியில் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் விமானத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்பதைத்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். பேச்சுக்கு நான் தேர்ந்துகொண்ட இடமோ ஒரு விமான நிலையம் அன்று. ஜவ்வாது மலைமேல், காட்டின் நடுவே, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர்.

விமானமே இறங்காத ஊரில் விமானப் பயணத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காவலூரில் இருப்பது வானாராய்ச்சி நிலையம். இரு நகரங்களுக்கு இடையே விமானம் செல்லும் பாதையை எந்தக் கணிதம் வகுத்துத் தருகிறதோ, அதே கணிதம்தான் அந்த நிலையம் அங்கே அமைய வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. மேலும், 1977ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு, காவலூர் மலையும் இந்து மகாசமுத்திரத்தின் மேல் பறந்த ஒரு விமானமும் ஒரே காட்சிக்காகக் காத்திருந்தன. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் சிறிய தூரத்திலிருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்து காவலூருக்குக் காக்கை பறக்கும் வழியில் 165 கிலோமீட்டர்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானம் அதைப் பதினொரு நிமிடத்தில் கடந்துவிடும். தரைவழியே செல்லும் நமக்கோ, வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வந்து, பின் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறவேண்டும். காலையில் புறப்பட்டால் நண்பகல் உணவுக்குப் போய்ச் சேரலாம். இங்கே பாதை வளைவது மலையினால். அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே வியப்பு உண்டாவதில்லை. வானத்தில் மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே விமானம் ஏன் வளைந்து செல்கிறது என்பதுதான் வியப்பு.

உங்கள் வகுப்பறைச் சுவரில் உலகப் படம் ஒன்று தொங்கும். 1569ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் என்பவர் வகுத்த முறையில் வரைந்த படமாக இருக்கக்கூடும். கப்பலோட்டிகளுக்கு அது பெருந்துணை செய்தது. தூரத்தை அறிய விரும்பும் மாணவனுக்கோ அதைப்போல ஏமாற்றும் பொருள் வேறொன்று இல்லை என்பேன். அந்தப் படத்தில் சென்னையையும் லண்டனையும் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோட்டின் நடுப்புள்ளி சிரியா நாட்டின் கிழக்குப் பகுதியில் விழும். பிறகு படத்தை விட்டுவிட்டு ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை லண்டனில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறிக்கொள்ளும். அதன் நடுப்புள்ளி இப்போது காஸ்பியன் கடலின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கும்! அடிக்கோல் காட்டிய வழி ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர். நூல் காட்டும் வழி 8,230. நேர்கோடு நீளமாகவும் வளைகோடு குறுகலாகவும் இருப்பது எப்படி என்று மலைக்க வேண்டாம். உருண்டையின் மேல் வளையாமல் செல்வது நூல்தான். தட்டையான காகிதத்திற்காக வளைக்கப்பட்டது பூமிதான்.

உருண்டையின் மையத்தை ஊடுருவிச் செல்லுமாறு அதை வெட்டினால் கிடைக்கும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். இழுத்த நூல் எப்போதும் ஏதேனும் ஒரு பெருவட்டத்தின் துண்டாகவே அமையும். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். எல்லாத் தீர்க்க ரேகைகளும் பெருவட்டங்களின் பகுதிகள். பூமத்திய ரேகை நீங்கலான மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. ஆகையால் ஒரே அட்சரேகையில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே கூட, அந்த அட்சரேகையோடு நேர்கிழக்கே செல்வது சுற்றுவழியே ஆகும்.

சென்னை–லண்டன் வழியில் கிடைக்கும் ஆதாயம் 250 கிலோமீட்டர் மட்டும்தான். இன்னும் பெரிய ஆதாயத்தைக் காண வேண்டுமானால் பெங்களூரையும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவையும் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்திலே அடிக்கோலை வைத்தால் கோடு பசிபிக் சமுத்திரத்தை முழுவதும் கடந்து 16,100 கிலோமீட்டர் ஓடும். நூலோ அலாஸ்காப் பக்கமாக வடக்கே ஏறி, சைபீரியாவின் வடகரையைத் தொட்டு, ஆசியாவைக் குறுக்கே கடந்து, 13,990 கிலோமீட்டரில் பெங்களூரை அடைந்துவிடும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வடதுருவத்தின் உச்சிப் புள்ளிக்கே போய், அங்கிருந்து நேராகத் தெற்கே இறங்கினாலும் 14,360 கிலோமீட்டர்தான் ஆகிறது. துருவம் வழியாகப் போவது நம் பேச்சு வழக்கில் ஊரைச் சுற்றிப் போவதாகத் தோன்றும். கணக்கில் அது கிட்டத்தட்ட நேர்வழி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2021ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஒன்று, வடதுருவத்தின் மேலாகப் பறந்து, 11ஆம் தேதி விடியுமுன் பெங்களூரில் இறங்கியது. விமானி அறையில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். தலைமை ஏற்றவர் காப்டன் ஜோயா அகர்வால். இடையில் எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரம் பறந்தார்கள்.

ஒன்பதாம் தேதி புறப்பட்டுப் பதினோராம் தேதி இறங்கினால் பயணம் எப்படி 17 மணி நேரம் ஆகும் என்று கணக்கில் தேர்ந்த மாணவர் உடனே கேட்பார். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் கடிகாரம் நம் கடிகாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. விமானத்தில் இருந்தவர்கள் அந்தப் பதின்மூன்றரை மணியையும் பயண நேரத்தோடு கூட்டிச் செலுத்தவேண்டியிருந்தது. ஜனவரி 10ஆம் தேதி அவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாயத்திலேயே கரைந்து போயிற்று. விமானச் சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி உள்ளவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பயண நேரம் இது என்று சொல்வது, ரூபாயிலிருந்து டாலரைக் கழிப்பதற்கு ஒப்பாகும். முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கிரீன்விச் நேரத்தை உலகம் பொதுவாக வைத்துக்கொண்டது அதற்காகவே.

சொல்லப்போனால், ஒரே நாட்டுக்குள்ளும் இந்தக் கடன் உண்டு. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. காவலூர் இருப்பதோ ஏறத்தாழ 78 பாகை 50 கலையில். ஆகவே நம் கைக்கடிகாரம் பன்னிரண்டு என்று காட்டும்போது காவலூரில் சூரியன் உச்சிக்கு வர, சராசரியாக இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்.

பூமி சுழல்கிறது என்றதும் பல மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழுவதை நான் கண்டிருக்கிறேன். காவலூர் தரை மணிக்கு 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறதே. விமானம் சும்மா மேலே எழும்பி நின்றால், லண்டன் தானாகவே கீழே வந்து சேராதா என்பது அந்த ஐயம். சேராது. ஏனெனில் பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. விமானமோ அந்தக் காற்றில் மிதப்பது. ஓடுகிற ரெயிலுக்குள் ஈ பறப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? அந்த ஈ பின்பெட்டிக்கு அடித்துச் செல்லப்படுவதில்லை.

ஆயினும் மேற்கே போகும் பயணத்துக்கும் கிழக்கே வரும் பயணத்துக்கும் நேர வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. அதற்குக் காரணம் காற்று. பூமியின் நடுத்தர அட்சரேகைகளில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு பாய்கிறது. வெப்ப நாடுகளுக்கும் துருவப் பகுதிகளுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு அதை உந்துகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கணக்குக்காகச் சராசரி எதிர்க்காற்று 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8,200 கிலோமீட்டர் தூரத்தை 900 வேகத்தில் பறக்கும் விமானம், போகும்போது 9 மணி 46 நிமிடமும், வரும்போது 8 மணி 33 நிமிடமும் எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 18 மணி 19 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரு வழிக்கும் சேர்ந்து 18 மணி 13 நிமிடம்தான். போகும்போது இழந்ததைக் காற்று வரும்போது முழுவதும் திருப்பித் தருவதில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் வந்த வினை இது.

இவற்றோடு அரசியலும் சேர்ந்துகொள்கிறது. 2022இல் ருஷ்யா தன் வான்வழியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஆன ஒன்பதரை மணி நேரம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரு நகரங்களும் ஓர் அங்குலமும் நகரவில்லை!

இனிக் காவலூருக்கு ஏறுவோம். வானாராய்ச்சி அறிஞர் வைனு பாப்பு 1960களில் புதிய நிலையம் ஒன்றுக்காக இடம் தேடினார். ஊர் விளக்குகளின் ஒளி எட்டாத இருண்ட வானம் வேண்டும் என்பது ஒரு நோக்கம். ஆனால் இருண்ட மலைகள் நம் நாட்டில் வேறு பலவும் உண்டு. பூகோளத்தில் காவலூர் அமைந்த இடம்தான் அதன் தனிச்சிறப்பு. பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையிலேயே இருப்பதால், தென்துருவத்தைச் சூழ்ந்த ஒரு சிறு வட்டம் நீங்கலாகத் தென்வானம் முழுவதும் அங்கிருந்து தலைநீட்டிப் பார்க்கக் கிடைக்கிறது.

அதைவிட முக்கியமானது தீர்க்கரேகை. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் பேர்த் நகரம் 116 பாகையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 18 பாகையில் இருக்கிறது. பெருவட்ட வழியில் இவை ஒன்றுக்கொன்று 8,700 கிலோமீட்டர். அந்த வழி தெற்கே 44 பாகை வரை இறங்கி, முழுவதும் கடல்மேலேயே செல்கிறது. இடையில் 98 பாகை. அதாவது, பேர்த்தின் உச்சியைக் கடந்த விண்மீன் கேப் டவுனின் உச்சிக்கு வர ஆறரை மணி நேரம் ஆகும். அந்த ஆறரை மணி நேரத்தில் தென்வானத்தில் ஏதேனும் நிகழ்ந்தால் பார்க்க ஆள் வேண்டாமா? கடலின்மேல் தொலைநோக்கியை நாட்ட முடியாது. 79 பாகையில் இருக்கும் காவலூர் அந்த இடைவெளியை நிரப்பியது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

இடத்தின் பயன் உடனே தெரிந்தது. அதே 1972ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு சென்றது. காவலூரிலும், ஜாவாத் தீவின் லெம்பாங் நிலையத்திலும் அதைப் பதிவு செய்தார்கள். இரண்டுக்கும் நடுவே பூமியின் வளைவு வழியே 3,840 கிலோமீட்டர். விமானத்துக்கு வேண்டியது இந்த எண். விண்மீனின் ஒளிக்கோ வளைவு தெரியாது. அது நேரே வருவது. ஆகையால் பூமியைக் குடைந்து ஒரு கம்பி செருகினால் எவ்வளவு நீளமோ அந்த 3,790 கிலோமீட்டர்தான் வானாராய்ச்சியாளரின் கணக்குக்கு முதல். அந்தக் கம்பி விண்மீனை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் அறிந்தால், கானிமீடின் நிழல் இரு நிலையங்களையும் எங்கெங்கே வெட்டிச் சென்றது என்று கண்டு, அதன் குறுக்களவையே அளந்துவிடலாம். அங்கே காற்றுமண்டலம் உண்டு என்றும் அன்று முடிவு கட்டினார்கள். 1979இல் அருகே சென்ற வாயேஜர் கலங்கள் அது அவ்வளவு அடர்த்தியானது அன்று என்று காட்டின.

இப்போது முன்னர்க் குறிப்பிட்ட கதை. 1977 மார்ச்சு 10ஆம் தேதி யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கப் போகிறது என்பதைக் கோர்டன் டெய்லர் என்ற ஆங்கில அறிஞர் முன்கூட்டியே கணித்திருந்தார். மார்ச்சு 10 என்பது கிரீன்விச் தேதி. காவலூர்க் கடிகாரப்படி அது 11ஆம் தேதியின் பின்னிரவு. ஆனால் கோளின் நிழல் பூமியின்மேல் எங்கே விழும்? யுரேனஸ் அப்போது நம்மிடமிருந்து ஏறக்குறைய 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. விண்மீனின் இடத்தைக் குறிப்பதில் ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், அத்தொலைவில் அது 13,000 கிலோமீட்டர் ஆகிவிடும். பூமியின் குறுக்களவே 12,756 கிலோமீட்டர்தான். கணக்கில் ஒரு மயிரிழை தவறினால் நிழல் பூமியையே தொடாமல் போய்விடலாம் என்பது இதன் பொருள். விமானத்தைத் தவற விட்டால் அடுத்த விமானம் உண்டு. இந்த விண்மீனை இந்தக் கோள் மறைப்பது ஒரே ஒருமுறை.

நாள் நெருங்க நெருங்க அளவுகள் திருந்தின; நிழல் தெற்கே, இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில் விழும் என்று தெரிந்தது. தரையில் உள்ள நிலையம் என்ன செய்யும்? எழுந்து நடக்க அதற்குக் கால் இல்லை. அமெரிக்கரிடமோ பறக்கும் நிலையம் ஒன்று இருந்தது. பெரிய சரக்கு ஜெட் விமானம் ஒன்றின் பக்கவாட்டில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி, அதற்கு வானாராய்ச்சி அறிஞர் கைப்பரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ஜேம்ஸ் எலியட் என்பவரும் அவருடைய துணைவர்களும் அதில் ஏறிப் பேர்த் நகரிலிருந்து தெற்கே பறந்தார்கள்.

விண்மீன் எப்போது மறையும் என்பதில் ஐயம் இருந்தமையால், கருவிகளை மிகவும் முன்னதாகவே இயக்கிவிட்டார்கள். அது நல்லதாயிற்று. கோள் விண்மீனை அணுகுவதற்கு வெகுநேரம் முன்பே ஒளி சட்டென்று மங்கி மீண்டது. பிறகு மீண்டும் மங்கியது. இவ்வாறு ஐந்து முறை. கோள் கடந்து சென்ற பின்னரும், மறுபுறத்தில் அதே தொலைவுகளில், அதே போன்ற மங்கல்கள்.

அதே இரவில் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியின் அருகே ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விழித்திருந்தார்கள். கோளின் நிழல் அவர்கள் பக்கம் வரவில்லை. ஆயினும் விண்மீனின் ஒளி சில வினாடிகள் ஆழ்ந்து மங்கியதை அவர்கள் கருவி பதிவு செய்தது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று கருதி, அவ்வாறே உலகுக்கு அறிவித்தார்கள். விமானத்தின் பதிவையும், காவலூர், நைனிதால், பேர்த், கேப் டவுன் முதலிய இடங்களின் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை துலங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகி நின்ற இவர்கள் அனைவர் கண்ணிலும் ஒரு சிறு துணைக்கோள் பட முடியாது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்த உலகம் அதைக் கேட்டது.

ஒரு விமானம் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இவ்வளவு தெளிவாக வந்திராது. அசையாத மலைகள் பல இல்லாமல் அது உறுதிப்பட்டும் இராது. மலைக்கு உரிய பெருமை குறைவாகப் பேசப்படுகிறது என்பது என் எண்ணம்.

வளையங்களை அருகே சென்று பார்க்கும் வாய்ப்பும் வந்தது. அதே 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி புறப்பட்ட வாயேஜர் 2, 1986 ஜனவரி 24ஆம் தேதி யுரேனஸைக் கடந்தது. பயண நேரம் எட்டு ஆண்டு ஐந்து மாதம். அது எடுத்த படங்கள் ஒளியின் வேகத்தில் பூமிக்கு வர 2 மணி 45 நிமிடம் ஆயிற்று. சென்னையிலிருந்து வாணியம்பாடிக்கு ரெயிலில் வரும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஜனவரி 6ஆம் தேதிதான் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தார்கள். வைனு பாப்பு அதைக் காண உயிரோடு இல்லை; அவர் 1982இல் காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் நிலையத்துக்கும் இப்போது அவர் பெயர்.